வகுப்பு ஐந்து, கணக்கு இரண்டு: சிறப்புக் குழந்தைகளுக்கு எந்தப் பாடத்திட்டம்?

52-ல் 27 போனால் எவ்வளவு? ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் 35 என்று விடை எழுதப்பட்டிருக்கிறது. அதே பக்கத்தில் 61-ல் 38 போனால் 37. நாற்பதில் 16 போனால் 36. மூன்றிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. கீழே, 'கவனம் தேவை' என்று ஒரு குறிப்பு.

கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் எந்தச் சிறப்பாசிரியரும் இப்படிப்பட்ட நோட்டுகளைப் பார்த்திருப்பார். மூன்று விடைகளும் தப்பு என்பது முதல் பார்வையில் தெரிவது. மூன்றும் ஒரே மாதிரித் தப்பு என்பது இரண்டாவது பார்வையில்தான் தெரியும். மேலே உள்ள எண் எது, கீழே உள்ள எண் எது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது குழந்தை. ஓரிலக்கக் கழித்தல் அதற்கு நன்றாகவே வருகிறது. 52-ல் இருக்கும் 5 என்பது ஐம்பது என்பதுதான் மனதில் பதியவில்லை.

அது இரண்டாம் வகுப்பில் முடிந்திருக்க வேண்டிய பாடம். வகுப்பறையிலோ பின்னமும் தசமமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெற்றோர் பதறிப்போய் டியூஷன் சேர்க்கிறார்கள். டியூஷனிலும் அதே ஐந்தாம் வகுப்புப் புத்தகம், அதே பின்னம், அதே தசமம். காலையில் புரியாத பாடம் மாலையில் இன்னொரு முறை புரியாமல் போகிறது.

'என் குழந்தைக்கு எந்தக் கணக்குப் புத்தகம் வாங்கலாம்? எந்த போர்டில் சேர்க்கலாம்?' என்று பெற்றோர் கேட்கும்போது, பதில் கடையிலிருந்தோ பள்ளியின் பெயரிலிருந்தோ தொடங்கக் கூடாது. குழந்தை இன்று எந்தப் படியில் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வயதும் வகுப்பும் இரண்டாம்பட்சம். இந்த ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே வந்துவிடும்.

சிக்கல் எங்கே?

எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியாவைப் பற்றி இன்று பலருக்கும் தெரியும். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. எண்களில் மட்டும் வரும் டிஸ்கால்குலியாவுக்கு அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த உளவியலாளர் லடிஸ்லாவ் கோஷ்ச் 1974-லேயே இதைத் தனிக் குறைபாடாக விளக்கி எழுதினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிரையன் பட்டர்வொர்த் போன்றவர்கள் பின்னர் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். 100 குழந்தைகளில் 3 முதல் 7 பேருக்கு இது இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 40 பேர் உள்ள வகுப்பில் ஓரிருவராவது இருப்பார்கள்.

மேசையில் நான்கு புளியங்கொட்டைகளைப் போட்டால் பெரும்பாலான குழந்தைகள் எண்ணாமலே 'நாலு' என்று சொல்லிவிடும். டிஸ்கால்குலியா உள்ள குழந்தை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணக்கூடும். 9 பெரிதா, 6 பெரிதா என்று கேட்டால் யோசிக்கும். 8 உடன் 3 கூட்டச் சொன்னால் 8-லிருந்து மேலே எண்ணாது, ஒன்றிலிருந்து தொடங்கும். புத்திக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கணக்கு வராத குழந்தைகள் எல்லோருக்கும் டிஸ்கால்குலியா என்றும் சொல்லிவிட முடியாது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குக் கணக்குப் போடத் தெரிந்திருக்கும், கேள்வியைப் படிக்க முடியாது. ஏ.டி.ஹெச்.டி. உள்ள குழந்தை நான்கு படிகள் உள்ள கணக்கில் மூன்றாவது படியில் தொலைந்துவிடும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் பெருக்கலை மின்னல் வேகத்தில் போடுவார்கள். வாக்கியக் கணக்கில் நின்றுவிடுவார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே பொதுவாக நன்றாகப் பதியும். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு எண்ணைவிட மொழிதான் தடை.

மொழி எப்படித் தடையாகும் என்பதற்கு ஒரு கணக்கு: 'கண்ணனிடம் 8 மிட்டாய்கள் உள்ளன. அவை மாலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம். மாலாவிடம் எத்தனை?' விடை 5. ஆனால், 'அதிகம் என்று வந்தால் கூட்டு, மீதம் என்று வந்தால் கழி' என்ற குறுக்குவழியைக் கற்றுக்கொண்ட குழந்தை 11 என்று எழுதும். குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தது பாடம்தான். பழி மட்டும் குழந்தைமேல் விழுகிறது.

முதலில் நிலையை அறிய வேண்டும்

சிறப்பாசிரியர்கள் பாடத்தைத் தொடங்குமுன் செய்து பார்க்கும் சில எளிய சோதனைகளை வீட்டிலும் செய்யலாம். 23-லிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லலாம். 39-க்கு அடுத்து என்ன, 100-க்கு முன்னால் என்ன என்று கேட்கலாம். 'இருபத்து மூன்று' என்று சொல்லி எழுதச் சொல்லலாம்; 203 என்று எழுதினால் இடமதிப்பு வரவில்லை என்று அர்த்தம். ஒரு கோடு கிழித்து, ஒரு முனையில் 0, மறு முனையில் 100 போட்டு, 47 எங்கே வரும் என்று காட்டச் சொல்லலாம். நடுவுக்குச் சற்று முன்னால் புள்ளி வைத்தால் எண்களின் அளவு பிடிபட்டிருக்கிறது. 70 வரவேண்டிய இடத்தில் வைத்தால் இன்னும் பிடிபடவில்லை.

எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அதற்கு ஒரு படி கீழேதான் புதிய பாடம் தொடங்க வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு இரண்டாம் வகுப்புப் பாடமா என்று தயங்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மைப் படம் போட்ட புத்தகத்தை அதன் கையில் கொடுப்பதுதான் மனதைப் புண்படுத்தும். பாடம் இரண்டாம் வகுப்புடையதாக இருக்கலாம், உதாரணங்கள் பத்து வயதுக்குரியதாக இருக்க வேண்டும்: கிரிக்கெட் ஸ்கோர், பஸ் நம்பர், கடைச் சில்லறை.

இந்தக் கொள்கை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தான் நிற்கும் இடத்திலிருந்து அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் படித்தது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தே பாடம் நடத்தியது. பொதுப் பள்ளியே நிலைவாரியாகப் பார்க்கும்போது, சிறப்புத் தேவை உள்ள குழந்தையிடம் மட்டும் 'ஐந்தாம் வகுப்பு என்றால் ஐந்தாம் வகுப்புப் புத்தகம்தான்' என்று அடம்பிடிப்பதில் நியாயமில்லை.

குச்சி, படம், எண்

உலகம் முழுக்க இந்தக் குழந்தைகளுக்கான நல்ல கணிதப் பாடங்களில் ஓர் அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் கையால் தொடும் பொருள், அடுத்து படம், கடைசியில் எண்ணும் குறியும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் முன்வைத்த சிந்தனை இதற்கு அடிப்படை. சிங்கப்பூர் கல்வித் துறை 1980-களில் தன் தொடக்கக் கணிதத்தை இதே வரிசையில் அமைத்தது.

52-ல் 27-ஐக் கழிக்கும் கணக்கை இந்த வழியில் எப்படிச் சொல்லித் தருவது? தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு. தனியாக இரண்டு குச்சி. '27 எடு' என்றதும் குழந்தை இரண்டு கட்டுகளை எடுத்து ஓரமாக வைக்கும். இன்னும் ஏழு வேண்டும், தனிக்குச்சிகள் இரண்டுதான் இருக்கின்றன. கை நிற்கும். ஆசிரியர் இங்கே அவசரப்படக் கூடாது. சில நொடிகளில் குழந்தையே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். இரண்டு குச்சி பன்னிரண்டாகும். ஏழு போக ஐந்து. மீதி இரண்டு கட்டும் ஐந்து குச்சியும்: 25. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று மந்திரம்போலச் சொல்லிக்கொடுத்தது என்ன என்பதை அந்தக் கை இப்போது செய்து பார்த்துவிட்டது.

சில நாள் குச்சியில் செய்தபின், கட்டுக்கு ஒரு கோடும் தனிக்குச்சிக்கு ஒரு புள்ளியுமாக நோட்டில் வரையலாம். அதன்பிறகு எண். மற்றக் குழந்தைகள் ஒரே வாரத்தில் தாண்டும் இந்த வரிசைக்கு இந்தக் குழந்தைக்கு ஒரு மாதமும் ஆகலாம். குச்சியை எப்போது விடுவது என்பதையும் திட்டமிட வேண்டும். ஏழாம் வகுப்பிலும் குச்சியை எண்ணிக்கொண்டே இருந்தால், படத்துக்கும் எண்ணுக்கும் போகும் பாலத்தைப் பாடம் போடவில்லை என்றுதான் பொருள்.

வாய்ப்பாட்டிலும் இதே பொறுமை வேண்டும். 2, 5, 10 மூன்றும் உறுதியானால் மற்றவற்றை அவற்றிலிருந்தே கட்டலாம். ஏழெட்டு நினைவில் நிற்கவில்லையா? ஐயெட்டு 40, ஈரெட்டு 16, இரண்டும் சேர்ந்து 56. வகுப்பின் முன் எழுப்பி நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வதில் பயம்தான் வளரும். பயம் வந்தால் மனதில் எண்களைப் பிடித்துவைக்கும் இடமும் சுருங்கிவிடும்.

கடையில் கிடைப்பவை

இணையத்தில் தேடினால் டஜன் கணக்கில் கணிதப் பாடங்களும் பெட்டிகளும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம் உண்டு. பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் குயிசனேர் உருவாக்கிய வண்ணக் கோல்கள் 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை பத்து நீளங்களில் இருக்கும். எண்ணை நீளமாகப் பார்க்க உதவும். பிரிட்டனில் உருவான நியூமிகானில் ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை துளைகள் கொண்ட ஒரு தகடு. கண்ணால் பார்த்துப் பதியவைக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் அதிகம் பயன்படுகிறது. 1970-களில் அமெரிக்காவில் வந்த டச்மேத், எண்ணின் உருவத்திலேயே புள்ளிகள் வைத்துத் தொட்டு எண்ணச் செய்கிறது. சிங்கப்பூர்ப் பாடத்தின் பட்டைப் படங்கள் வாக்கியக் கணக்குக்குக் கைகொடுக்கும். கண்ணனுக்கு 8 அளவில் ஒரு பட்டை, அதைவிட 3 குறைவாக மாலாவுக்கு ஒரு பட்டை என்று வரைந்துவிட்டால், 'அதிகம்' என்ற சொல் குழந்தையை ஏமாற்ற முடியாது.

பார்வையற்ற குழந்தைகளுக்கு டெய்லர் ஃபிரேமும் மணிச்சட்டமும் பிரெயிலும் பல தலைமுறைகளாக இருக்கின்றன. கணக்கு அவர்களுக்கு ஒத்துவராது என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. பிரெயிலில் கணிதக் குறியீட்டு முறையை உருவாக்கிய ஏப்ரகாம் நெமெத் பிறவியிலேயே பார்வையற்றவர், கணிதப் பேராசிரியர்.

இறக்குமதிப் பாடங்களில் ஒரு குறை உண்டு. தமிழில் எண்ணும் குழந்தை எங்கே தடுக்கிவிழும் என்பது அவற்றுக்குத் தெரியாது. அறுபது, எழுபது, எண்பது என்று பத்துப் பத்தாக ஏறும் குழந்தை அடுத்ததை 'ஒன்பது' என்று சொல்வது நம் வகுப்பறைகளில் இயல்பு. 90-க்கும் 900-க்கும் நம் மொழியில் தனிப் பயிற்சி வேண்டும். அதை ஆசிரியர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பாடத்தையும் எடைபோட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. கணக்கில் பின்தங்கும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்காக அமெரிக்கக் கல்வித் துறையின் கல்வி அறிவியல் நிறுவனம், ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஆறு பரிந்துரைகளை வெளியிட்டது. பாடம் படிப்படியாக, விட்டுப்போகாமல் செல்ல வேண்டும். கணிதச் சொற்களைத் தெளிவாகக் கற்பிக்க வேண்டும். பொருள்களையும் படங்களையும் தேர்ந்து பயன்படுத்த வேண்டும். எண்கோடு இடம்பெற வேண்டும். வாக்கியக் கணக்குக்குத் திட்டமிட்ட பயிற்சி வேண்டும். சரளம் வருவதற்குச் சிறுசிறு நேரப் பயிற்சிகள் வேண்டும். வாங்க நினைக்கும் புத்தகத்தைப் புரட்டி இந்த ஆறும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். விளம்பரம் சொல்வதைவிட இது நம்பகமானது. தேர்ந்தெடுத்ததை ஆறேழு வாரமாவது விடாமல் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பணம், நேரம், அளவு

அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கேள்வியே வேறு. இருபது வயதில் இவருக்கு எந்தக் கணக்கு வேண்டும்? சென்னையில் பி.ஜெயச்சந்திரனும் வி.விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டியது. அதில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 திறன்கள் என மொத்தம் 360. எண், நேரம், பணம் மூன்றும் தனித்தனிப் பிரிவுகள். குழந்தை செய்வதைக் குறித்துவைத்து, செய்யாததில் அடுத்ததை இலக்காக வைப்பது அதன் முறை.

32 ரூபாய்ப் பொருளுக்கு நான்கு பத்து ரூபாய்த் தாள்களைக் கொடுத்து மீதி வாங்கலாம் என்று தெரிந்த பையனுக்குக் கழித்தல் வராவிட்டாலும் கடைக்குப் போய்வர முடியும். செல்போனில் பணம் அனுப்பும் காலத்தில் 200-க்கும் 2000-க்கும் வித்தியாசம் பார்ப்பது முக்கியமான பாடம். மாத்திரை எத்தனை மணிக்கு, பஸ் வர இன்னும் எத்தனை நிமிடம், இரண்டு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்பவை எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வர வேண்டியவை. இதைக் குறைந்த கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ்வது இதில்தான் இருக்கிறது.

எந்த போர்டு?

இந்த முடிவை ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல், ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே பேசத் தொடங்குவது நல்லது.

சி.பி.எஸ்.இ. 2020-ம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை ஸ்டாண்டர்டு, பேசிக் என இரண்டாக வைத்திருக்கிறது. பேசிக் வினாத்தாள் எளிதானது. சிறப்புத் தேவை உள்ள மாணவர்கள் கணிதத்துக்குப் பதில் வேறு பாடம் எடுக்கவும், அனுமதி பெற்றுத் தேர்வில் எளிய கால்குலேட்டர் பயன்படுத்தவும் அங்கே இடமுண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.-ல் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கலாம், கணிதம் கட்டாயமில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாகத் தேர்வெழுதித் தேறலாம். அதன் திறந்தநிலை அடிப்படைக் கல்வி 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையாக மூன்று நிலைகளில் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பொதுத்தேர்வில் மொழிப் பாட விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. அவற்றுக்குத் தேர்வுக்கு நெடுநாள் முன்பே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பாடத்தை மாற்றினால் பின்னால் சில கதவுகள் மூடும். கணிதம் இல்லாமல் பத்தாம் வகுப்பு முடித்தவர் எந்தப் படிப்புக்குப் போகலாம், எந்த அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை நடப்பு அரசாணைகளைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். தேர்விலிருந்து கணிதத்தை நீக்கினாலும் வாராந்திரக் கால அட்டவணையிலிருந்து கணக்கை நீக்கக் கூடாது. விலக்கு கிடைத்த அன்றே கணக்கு நோட்டை மூடிவைப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

உரிமையாகக் கேளுங்கள்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பின்கீழ் டிஸ்லெக்சியாவோடு டிஸ்கால்குலியாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்ய வேண்டும் என்று அதன் 17-வது பிரிவு அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமை விதிக்கிறது. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதிலிருந்துதான் கிடைக்கும் என்று 2018 வழிகாட்டுதல் வரையறுத்தது. 14, 18 வயதுகளில் மறுபரிசோதனையும் அதில் இருந்தது. சலுகைக்குத்தான் சான்றிதழ் வேண்டும். உதவிக்கு எட்டு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு வயதில் ஐந்துவரை எண்ணத் தடுமாறும் குழந்தைக்கு அன்றைக்கே குச்சியோடு உட்காரலாம்.

உதவிக்கு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் உள்ளடங்கிய கல்விக்கான சிறப்பாசிரியர்கள் உண்டு. சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதோடு ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

புதிய கல்வியாண்டு தொடங்கும்போது பள்ளியிடம் நான்கு கேள்விகளைப் பெற்றோர் கேட்க வேண்டும். என் குழந்தை கணக்கில் இப்போது எந்தப் படியில் இருக்கிறது? அந்தப் படிக்கான தனிநபர் கல்வித் திட்டம் எழுத்தில் இருக்கிறதா? வாரத்தில் எத்தனை நாள், யார் தனியாகச் சொல்லித் தருவார்கள்? தேர்வுத்தாளும் அந்தப் படிக்கு ஏற்ப மாறுமா? வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தக் கேள்விகளோடு வரும் தாயையும் தகப்பனையும் தொந்தரவாக நினைக்காதீர்கள், உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள்.